சுண்டெலிக்கு ஒரு கணக்கு, யானைக்கு ஒரு கணக்கு

நிலத்துக்கு அடியில் வெகு ஆழம். கும்மிருட்டு. கையில் ஒரே ஒரு சுரங்க விளக்கு. குனிந்தும் தவழ்ந்தும் போய்க்கொண்டிருந்த ஒரு சிறு கூட்டம் ஓரிடத்தில் நின்றது. அங்கே கூரை கொஞ்சம் உயரம். ஆள் நிமிர்ந்து நிற்கலாம். கூட்டத்தில் ஒரு சிறுவனும் இருந்தான். அவனை எழுந்து நிற்கும்படி தகப்பனார் சொன்னார். நின்றான். ஷேக்ஸ்பியர் நாடகத்தில், கொலையுண்ட சீசருக்காக ஆண்டனி பேசும் பேச்சை ஒப்புவிக்கச் சொன்னார்.

பையன் ஆரம்பித்தான். சில வரிகள்தான் போயிருக்கும். மூச்சு வாங்கியது. கால் தள்ளாடியது. வசனம் பாதியில் நிற்க, பொத்தென்று கீழே விழுந்தான். விழுந்த இடத்தில் நல்ல காற்று இருந்தது. போன மூச்சு திரும்பி வந்தது.

தகப்பனார் பதறவில்லை. அவர் நடத்த வந்த பாடமே அதுதான். சுரங்கத்தில் கசியும் மீதேன் வாயு காற்றைவிட லேசானது. கூரையை ஒட்டிக்கொண்டு நிற்கும், தரைக்கு இறங்காது. நிற்பவன் மயங்குவான், விழுந்தவன் பிழைப்பான். நம் ஊரில் ஒரு தகப்பனார் இப்படிப் பாடம் சொல்லிவிட்டு வீடு திரும்பினால், அன்று இரவு அவருக்குச் சாப்பாடு கிடைப்பது சந்தேகம்!

அந்தப் பையன்தான் ஜே. பி. எஸ். ஹால்டேன். பிற்காலத்தில் உலகம் புகழும் விஞ்ஞானியானவர். பிறந்தது இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டு நகரில், 1892 நவம்பர் 5-ந் தேதி. கண்ணை மூடியது இந்தியாவில், ஒரிஸாவின் தலைநகரான புவனேசுவரத்தில். இடையில் 72 வருஷங்கள்.

கூண்டுக்குள் ஒரு குருவி

மகனைச் சொல்லுமுன் தகப்பனாரைச் சொல்லியாக வேண்டும். ஜான் ஸ்காட் ஹால்டேன் உடலியல் நிபுணர். மனிதன் எப்படி மூச்சு விடுகிறான் என்பதை ஆராய்வதிலேயே ஆயுளைச் செலவிட்டவர். சுரங்கத்தில் வெடி விபத்து என்று தந்தி வந்தால் போதும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுவார்.

1896-ல் தெற்கு வேல்ஸில் டைலர்ஸ்டவுன் சுரங்கத்தில் வெடி விபத்து நேர்ந்தது. அங்கே இறந்தவர்களின் உடல்களை அவர் ஒவ்வொன்றாகச் சோதித்தார். வெடித்த வேகத்தில் சிதறிச் செத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலோரைக் கொன்றது வெடிக்குப் பிறகு பரவிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு. அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. ரத்தத்தில் புகுந்து, பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். தொழிலாளிக்குச் சந்தேகம் தட்டும்போது கால் நகராது.

இந்த எமனை முன்கூட்டியே கண்டுகொள்வது எப்படி? சிறிய பிராணி ஒன்றைக் கூண்டில் வைத்துக் கூடவே கொண்டு போங்கள் என்றார் ஹால்டேன். சுண்டெலியாகவும் இருக்கலாம், கானரிக் குருவியாகவும் இருக்கலாம். மனிதனைவிடப் பல மடங்கு சீக்கிரமாக அது மயங்கி விழும். அது விழுந்ததும் திரும்பி ஓடிவிடலாம். பிரிட்டிஷ் சுரங்கங்களில் கானரிக் குருவிகள் இந்தக் காவல் வேலையை 1986 வரை பார்த்தன. எத்தனை குடும்பங்களுக்குத் தாலிப் பிச்சை தந்த குருவிகள் அவை!

சரி, சின்னப் பிராணி ஏன் முதலில் விழுகிறது? இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் புரியும்படி எழுதியவர் மகன் ஹால்டேன்.

தகப்பனார் வீட்டிலேயே ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். பையன் அதில் எடுபிடி. 1906-ல் ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் முக்குளிப்போரைப் பற்றித் தகப்பனார் சோதனைகள் நடத்தியபோது, 13 வயதுப் பையனும் முக்குளிக்கும் உடுப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான். பெரிய ஆளுக்குத் தைத்த உடுப்பு. உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. ஆனாலும் உயிரோடு வெளியே வந்தான்.

அந்தக் கடல் சோதனையிலும் இதே கணக்கு எட்டிப் பார்த்ததைச் சொல்ல வேண்டும். ஆழத்திலிருந்து முக்குளிப்பவனை எவ்வளவு மெதுவாக மேலே தூக்குவது? அவசரப்பட்டால் ரத்தத்தில் கரைந்துள்ள நைட்ரஜன் குமிழிகளாகப் பொங்கி ஆளை முடமாக்கும், கொன்றும் விடும். இதைத் தகப்பனார் எலிகளை வைத்துப் பார்க்கவில்லை. எலியின் உடம்பில் ரத்தம் வெகு வேகமாக ஓடுவதால் வாயு வந்த வேகத்தில் வெளியேறிவிடும். எலிக்குச் சரிப்பட்ட நேரத்தை மனிதனுக்குக் கொடுத்தால் மனிதன் சாவான். ஆகவே மனிதனுக்கு ஓரளவு சமமான கனமுள்ள ஆடுகளைப் பிடித்து அழுத்த அறையில் வைத்துச் சோதித்தார். 1908-ல் அவர் வெளியிட்ட அட்டவணைகளே முக்குளிப்பவர்களைப் பத்திரமாக மேலே கொண்டுவரும் முறைக்கு அஸ்திவாரம்.

பட்டம் வேறு, படிப்பு வேறு

ஈட்டன் பள்ளியில் மகன் பட்ட பாடு கொஞ்சமல்ல. பெரிய பையன்கள் அடித்து நொறுக்கினார்கள். அந்தக் கசப்பு அவருக்குக் கடைசிவரை போகவில்லை. அதிகாரம் செய்கிறவன் யாரானாலும் எதிர்த்து நிற்கும் குணம் அங்கேதான் முளைவிட்டது போலும். பிறகு ஆக்ஸ்போர்டில் முதலில் கணிதம், அப்புறம் கிரேக்க, லத்தீன் இலக்கியம். எல்லாவற்றிலும் முதல் வகுப்பு. வேடிக்கை என்னவென்றால், இருபதாம் நூற்றாண்டின் பெரிய உயிரியல் விஞ்ஞானிகளில் ஒருவரான இவர், விஞ்ஞானத்தில் எந்தப் பட்டமும் வாங்கியதில்லை. அந்தப் படிப்பெல்லாம் வீட்டிலேயே, தகப்பனாரிடமே முடிந்துவிட்டது.

1914-ல் யுத்தம் வந்தது. கறுப்புக் காவல் என்று பெயர் பெற்ற ஸ்காட்லாந்துப் படைப்பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தார். வெடிகுண்டு வீசுவதில் ஆசாமி பயமறியாதவர். 1915 ஏப்ரலில் ஜெர்மானியர் குளோரின் வாயுவை ஏவினார்கள். மூச்சுத் திணறிச் சிப்பாய்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். அரசாங்கம் தகப்பனாரைப் பிரான்சுக்கு அனுப்பியது. அவர் போர்முனையிலிருந்து மகனை வரவழைத்துக்கொண்டார். கண்ணாடி பதித்த சிறு அறைக்குள் குளோரினை விட்டு, முகமூடி அணிந்தும் அணியாமலும் உள்ளே மாறி மாறி நின்று பார்த்தார்கள். மூச்சு இரைக்க, கண் எரிய, இருமிக்கொண்டே போர்முனைக்குத் திரும்பிய மகன் சீக்கிரமே குண்டடிபட்டார். பின்னர் மெசொப்பொட்டேமியாவில் இன்னொரு முறை காயம்பட்டு, குணமாவதற்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். நம் நாட்டை அவர் முதலில் பார்த்தது அப்போதுதான். நாடு பிடித்திருந்தது, வெள்ளைக்காரர் இங்கே நடந்துகொண்ட தோரணை பிடிக்கவில்லை. ஆளப் பிறந்தவன் என்ற முறையில் மறுபடி இங்கே கால் வைக்க அவருக்கு மனமில்லை.

சேதியைச் சொன்ன கட்டுரை

யுத்தம் முடிந்தது. 1923-ல் கேம்பிரிட்ஜில் பேராசிரியர் ஹாப்கின்ஸின் கீழ் உயிர்வேதியியல் துறையில் சேர்ந்தார். தகப்பனார் வழியிலேயே தம் உடம்பைச் சோதனைக்கூடமாக்கினார். ரத்தத்தில் அமிலம் மிகுந்தால் என்ன ஆகும் என்று பார்க்க அமோனியம் குளோரைடைக் கரைத்துக் குடித்தார். பல நாள் மூச்சு வாங்கிக் கிடந்தார். அந்தச் சோதனையின் பலன், இழுப்பு நோய் கண்ட கைக்குழந்தைகளுக்கு மருந்தாயிற்று.

ஆராய்ச்சியோடு நிற்காமல் பொது ஜனங்களுக்காகப் பத்திரிகைகளில் எழுதவும் தொடங்கினார். அப்படி 1926-ல் ஓர் அமெரிக்க மாதப் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரைதான் பிராணிகளின் சரியான அளவைப் பற்றியது. மறு வருஷம் ஒரு தொகுதியிலும் சேர்ந்து வந்தது. அளவு சிறியது, சில பக்கங்கள்தான். ஆனால் இன்றுவரை கல்லூரிகளில் படிக்கிறார்கள்.

அந்தக் கணக்கை நம் வீட்டுச் சாமான்களை வைத்தே பார்த்துவிடலாம்.

ஒரு பகடைக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 1 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஆறு முகம். ஆக, வெளிப்பரப்பு 6 சதுர அங்குலம். உள்ளே உள்ள சரக்கு 1 கன அங்குலம். இப்போது பக்கத்தை 2 அங்குலமாக்குங்கள். வெளிப்பரப்பு 24 ஆகிறது. சரக்கோ 8 ஆகிவிடுகிறது. முன்பு ஒரு பங்கு சரக்குக்கு 6 பங்கு மேல்தோல் இருந்தது. இப்போது 3 பங்குதான். பக்கத்தை 10 அங்குலமாக்கினால் மேல்தோல் 600, சரக்கு 1,000. ஒரு பங்குக்கு ஒரு பங்கு தோல்கூடத் தேறவில்லை. உருவம் பெருக்கப் பெருக்க உள்ளே இருப்பது ஓட்டமாக ஓடுகிறது. வெளியே இருப்பது பின்தங்கிப் போகிறது. விஷயம் இவ்வளவுதான்.

வீட்டுப் பெண்களுக்கு இது தெரியாத விஷயமா? வெல்லக் கட்டியை அப்படியே போட்டால் கரையாது. தட்டிப் போட்டால் நிமிஷத்தில் கரையும். புளியோதரைக்குச் சாதத்தை ஆற வைக்கத் தாம்பாளத்தில் பரப்புகிறார்கள். பானையிலேயே விட்டால் நடுவில் உள்ளது சாயங்காலம் வரை சுடும். வெல்லமும் அதே வெல்லம், சாதமும் அதே சாதம். மாறியது மேற்பரப்பு ஒன்றுதான்.

இதை உயிர்களுக்குப் பொருத்திப் பார்த்தால் பல புதிர்கள் அவிழ்கின்றன. உடம்பின் சூடு உள்ளே உண்டாகிறது. தோலின் வழியாகப் போகிறது. மூஞ்சூறு இனத்தில் மிகச் சிறியது சுமார் 2 கிராம் எடைதான் இருக்கும். அதன் பரப்போ எடைக்குப் பொருத்தமில்லாமல் பெரிது. ஓட்டைப் பானையில் தண்ணீர் நிற்காதது போல அதன் உடம்பில் சூடு நிற்பதில்லை. இழந்ததை ஈடுகட்ட ஓயாமல் தின்ன வேண்டும். ஒரு நாளில் தன் எடை அளவுக்கும் அதற்கு மேலும் தின்கிறது. சில மணி நேரம் பட்டினி போட்டால் செத்துப்போகும். அதன் இருதயம் நிமிஷத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அடிக்கிறது. யானையின் இருதயம் சுமார் 30 தடவை. யானையின் கஷ்டம் வேறு. அதற்குச் சூட்டை வெளியே தள்ளுவதே பாடு. முறம் போன்ற காதுகளில் ரத்தம் ஓடவிட்டு விசிறிக்கொள்கிறதே, அது சும்மா அல்ல. பிறந்த குழந்தையைத் துணியில் நன்றாகச் சுற்றி வைக்க வேண்டும் என்று பாட்டிமார் சொல்வதிலும் இந்தக் கணக்கு இருக்கிறது.

கூண்டுக் குருவிக்கும் இப்போது விடை கிடைத்துவிட்டது. சூட்டை ஈடுகட்ட உடம்பு வேகமாக எரிய வேண்டும். எரியப் பிராணவாயு வேண்டும். அதற்காக மூச்சு வேகமாக ஓட வேண்டும், ரத்தமும் வேகமாக ஓட வேண்டும். நல்ல காற்று வேகமாக வருகிற வழியில் விஷக் காற்றும் வேகமாக வருகிறது. குருவி முதலில் விழுகிறது.

கட்டுரையில் யாரும் மறக்காத இடம் சுரங்கக் குழி. ஆயிரம் கஜம் ஆழமுள்ள குழியில் சுண்டெலி விழுந்தால், அடியில் மண் மெத்தென்று இருந்தால், உதறிக்கொண்டு நடந்துவிடும் என்றார் ஹால்டேன். பெருச்சாளி சாகும். மனிதன் எலும்பு நொறுங்குவான். குதிரையோ சிதறிப் போகும். விழும் பொருளைக் கீழே இழுப்பது எடை. தாங்குவது அதன் பரப்பில் மோதும் காற்று. எலிக்கு எடை குறைவு, பரப்பு அதிகம். காற்றே அதற்குக் குடை. சுரங்கங்களில் வளர்ந்த பையனுக்கல்லவா இந்த உதாரணம் தோன்றும்!

அரக்கர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. தம் நாட்டுக் கதைப் புத்தகத்தில் வரும் அரக்கர்களை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார். நாம் கும்பகர்ணனை எடுத்துக்கொள்வோம். மனிதனைப்போல் 10 மடங்கு உயரம், அதே வாகு என்றால், எடை 1,000 மடங்கு. தொடை எலும்பின் குறுக்குப் பரப்போ 100 மடங்குதான். எலும்பின் ஒவ்வொரு சதுர அங்குலமும் பத்து ஆள் பாரத்தைத் தாங்க வேண்டும். எழுந்து ஓரடி வைத்தால் தொடை முறிந்துபோகும். ராமபாணத்துக்கு வேலையே இருந்திராது.

இது ஹால்டேன் கண்டுபிடித்த கணக்கு அல்ல. 1638-லேயே, கண்பார்வை போன தள்ளாத வயதில், இத்தாலிய மேதை கலிலியோ தம் கடைசிப் புத்தகத்தில் எலும்புக் கணக்கைச் சொல்லிவிட்டார். ஹால்டேன் செய்தது, அதை ஜீவராசிகள் எல்லாவற்றுக்கும் நீட்டியது. உடம்பு பெரிதாக வேண்டுமானால் அதற்கேற்பப் பரப்பையும் எப்படியாவது பெருக்கியாக வேண்டும். மீனுக்குச் செவுள், மரத்துக்கு இலையும் வேரும், நமக்கு நுரையீரலும் மடிப்பு மடிப்பான குடலும் அதற்காகவே. நம் மார்புக்கூட்டுக்குள் கோடிக்கணக்கான காற்றுச் சிற்றறைகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். ஒரு நடுத்தர வீட்டின் தரை அளவு!

பூச்சிகள் நுரையீரல் வைத்துக்கொள்ளவில்லை. உடம்பெங்கும் ஓடும் நுண்ணிய குழாய்களின் வழியே காற்றை நேராக உள்ளே வாங்குகின்றன. தூரம் அதிகமானால் இந்த முறை கட்டுப்படியாகாது. ஆகவே யானை அளவுள்ள கரப்பான் கிடையாது. பெண்கள் நிம்மதியாக இருக்கலாம். ஆயினும் சுமார் 30 கோடி வருஷங்களுக்கு முன் இரண்டு அடி அகலம் இறக்கை விரித்த தும்பி போன்ற பூச்சிகள் இருந்தன. அன்று காற்றில் பிராணவாயு இன்றைவிட அதிகமாக இருந்தது அதற்கு ஒரு காரணம் என்று சொல்கிறார்கள்.

கணக்கு ஓரிடத்தில் இடிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தோல் பரப்பை மட்டும் பார்த்தால் பெரிய பிராணிகள் எவ்வளவு உண்ண வேண்டுமோ, அதைவிடச் சற்று அதிகமாகவே உண்கின்றன. கலிபோர்னியாவில் மாக்ஸ் கிளைபர் என்பவர் 1932-ல் இதை எடுத்துக்காட்டினார். ஏன் அப்படி என்ற விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

கட்டுரையின் முடிவில் ஹால்டேன் பிராணிகளை விட்டு மனிதரின் ராஜ்யங்களுக்குத் தாவினார். எலிக்குப் பொருந்தியது யானைக்குப் பொருந்தாதது போல, சின்ன ஊருக்குப் பொருந்திய ஆட்சிமுறை பெரிய சாம்ராஜ்யத்துக்குப் பொருந்திவிடாது என்பது அவர் வாதம். இங்கே அவர் கொஞ்சம் எட்டித் தாண்டிவிட்டார் என்றே தோன்றுகிறது. எலும்பைப்போல் சட்டம் குறுக்குப் பரப்பால் தாங்குவதில்லையே!

வழக்கும் வாழ்வும்

அந்தக் கட்டுரை வந்த சமயத்தில் அவர் வேலையே ஊசலாடிக்கொண்டிருந்தது. சார்லட் என்ற பத்திரிகைக்காரப் பெண்மணியை அவர் விரும்பினார். அந்த அம்மாள் ஏற்கெனவே மணமானவர். விவாகரத்து வழக்கில் ஹால்டேன் பெயர் அடிபட்டது. ஒழுக்கக் கேடு என்று சொல்லி 1925-ல் கேம்பிரிட்ஜ் அவரை விலக்கியது. அவர் மேல்முறையீடு செய்து 1926-ல் ஜெயித்தார், வேலை திரும்பியது. அதே வருஷம் கல்யாணமும் நடந்தது. ஆனால் அந்த மணமும் நிலைக்கவில்லை. 1945-ல் அவரிடமிருந்து பிரிந்து, உயிரியல் நிபுணரான ஹெலன் ஸ்பர்வேயை மணந்தார்.

இதே வருஷங்களில்தான் அவருடைய தலையாய வேலையும் நடந்தது. டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வை அவர் கணிதமாக்கினார். மான்செஸ்டர் வட்டாரத்தில் ஆலைப் புகையால் மரங்கள் கறுத்ததும், வெளிறிய அந்துப்பூச்சிகள் குறைந்து கறுப்பு அந்துப்பூச்சிகள் பெருகின. இவ்வளவு வேகமாகப் பெருக வேண்டுமானால் கறுப்புக்கு வெள்ளையைவிட ஒன்றரை மடங்கு அனுகூலம் இருந்திருக்க வேண்டும் என்று 1924-ல் காகிதத்தில் போட்டுக் காட்டினார். 1933-ல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் பேராசிரியராகப் போனார்.

அரசியலில் அவர் இடதுசாரி. ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது குடியரசுப் பக்கம் நின்று, குண்டு விழும் மாட்ரிட் நகரத்துக்கே போய் வந்தார். கம்யூனிஸ்டுகளின் நாளிதழில் வருஷக்கணக்காக விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதினார். இந்த இடத்தில் அவர் பெயரில் ஒரு கறையும் விழுந்தது. ரஷ்யாவில் லைசென்கோ என்பவர் அரசாங்கச் செல்வாக்கோடு மரபியலையே பொய் என்று தள்ளினார். எதிர்த்த விஞ்ஞானிகள் ஒழிக்கப்பட்டார்கள். 1928-ல் ஹால்டேனை ரஷ்யாவுக்கு அழைத்த பெரியவர் வாவிலோவ், 1943-ல் சிறையில் மாண்டார். மரபியலிலேயே பெயர் வாங்கிய ஹால்டேன் வாய்விட்டுக் கண்டிக்கவில்லை, நெளிந்தார், மழுப்பினார். குளோரின் அறைக்குள் நுழையத் தயங்காதவர் இதில் தயங்கினார். 1950 வாக்கில் சத்தமில்லாமல் கட்சியிலிருந்து விலகிக்கொண்டார்.

மூழ்கிய கப்பல்

1939 ஜூன் 1-ந் தேதி. லிவர்பூல் வளைகுடாவில் தீட்டிஸ் என்ற புதிய நீர்மூழ்கிக் கப்பல் ஒத்திகைக்காக முழுகியது, மேலே வரவில்லை. உள்ளே 103 பேர். தப்பியவர்கள் 4 பேர்தான். கப்பலின் பின்பகுதி தண்ணீருக்கு மேலே தெரிந்துகொண்டிருந்தது. அப்படியிருந்தும் 99 பேர் உள்ளேயே மடிந்தார்கள். அவர்களில் பலர் சிப்பாய்கள் அல்ல. கப்பல் கட்டும் பட்டறைத் தொழிலாளிகள்.

ஏன் வெளியே வர முடியவில்லை? தொழிற்சங்கத்தார் ஹால்டேனிடம் வந்தார்கள். அவர் ஏடுகளைப் புரட்டவில்லை. ஸ்பெயினில் போராடித் திரும்பிய நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, இரும்பு அறை ஒன்றில் தம்மையும் பூட்டிக்கொண்டார். மணிக்கணக்காக, தாங்கள் விட்ட மூச்சையே தாங்கள் இழுத்தார்கள். கரியமில வாயு ஏற ஏறத் தலை பிளந்தது, குமட்டியது, புத்தி தடுமாறியது. கூட்டம் மிகுந்த கப்பலுக்குள் அந்த மனிதர்கள் இருந்த நிலை அதுதான். கையெட்டும் தூரத்தில் வழி இருந்தும், அதைத் திறக்கும் தெளிவு மிஞ்சவில்லை.

அதன்பின் கடற்படையே அவரைத் தேடி வந்தது. யுத்த வருஷங்களில் அழுத்த அறைக்குள் திரும்பத் திரும்ப நுழைந்தார். ஹெலனும் கூட நுழைந்தார். பிராணவாயுவே அதிக அழுத்தத்தில் விஷமாகி வலிப்பு உண்டாக்கும் என்பதை உடம்பால் அறிந்தார்கள். ஒரு வலிப்பில் ஹால்டேனின் முதுகெலும்பு நசுங்கியது. அந்த வலி சாகும்வரை தொடர்ந்தது. செவிப்பறையிலும் ஓட்டை விழுந்தது. அதனால் காது வழியாகப் புகை விட முடிகிறது, விருந்துகளில் நல்ல வித்தை என்று அவர் சிரித்துக்கொள்வாராம்.

வேட்டி கட்டிய பேராசிரியர்

1956-ல் பிரிட்டன் சூயஸ் கால்வாய் விஷயத்தில் எகிப்தின் மீது படையெடுத்தது. குற்றவாளி நாட்டில் குடியிருக்க மாட்டேன் என்று அறிவித்து, 1957-ல் மனைவியோடு கல்கத்தா வந்து சேர்ந்தார் ஹால்டேன். வயது 64. மகலனோபிஸ் நடத்திய இந்தியப் புள்ளியியல் கழகத்தில் வேலை. வேட்டியும் ஜிப்பாவும் உடுத்தினார். மாமிசத்தை விட்டார். இந்தியக் குடியுரிமையும் பெற்றார்.

இங்கே அவர் விலையுயர்ந்த யந்திரங்களைக் கேட்கவில்லை. கண்ணும் கணக்கும் போதும் என்பது அவர் கொள்கை. அவரைச் சுற்றிக் கூடிய இளைஞர்களில் ஒருவர் பவளமல்லிப் பூவின் இதழ்களை ஆயிரக்கணக்கில் எண்ணினார். தென்னை மரத்தில் மட்டைகள் இடம்புரியாகச் சுற்றுகின்றனவா, வலம்புரியாகச் சுற்றுகின்றனவா என்று டேவிஸ் என்பவர் தோப்புத் தோப்பாகப் பார்த்தார். உண்ணிச்செடியின் எந்த நிறப் பூவை எந்த வண்ணத்துப்பூச்சி நாடுகிறது என்று துரோணம்ராஜு குறித்தார். நம் தோட்டத்திலேயே கிடந்த ஆராய்ச்சிகள்! வெள்ளைக்காரர் ஒருவர் வந்து காட்ட வேண்டியிருந்தது.

கோபம் மட்டும் அவரை விடவில்லை. 1961-ல் மகலனோபிஸோடு மனஸ்தாபம் முற்றிக் கழகத்தை விட்டு வெளியேறினார். ஒரிஸா முதல்வர் பிஜு பட்நாயக் கைகொடுத்தார். 1962-ல் புவனேசுவரத்தில் மரபியல் ஆய்வுக்கூடம் ஒன்று அவருக்காக ஏற்பட்டது.

அங்கே ஊன்றி உட்காருமுன் குடலில் புற்றுநோய் வந்தது. லண்டனில் சத்திர சிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே தம் நோயைக் கேலி செய்து ஒரு கவிதை எழுதினார். 1964-ல் ஒரு லண்டன் வாரப் பத்திரிகையில் அது வந்ததும் சிலர் முகம் சுளித்தார்கள். அறிகுறி தெரிந்ததும் கூசாமல் டாக்டரிடம் போங்கள் என்பதுதான் அதில் அவர் சொல்ல வந்த விஷயம். தம் மரணச் செய்தி உரையையும் பி.பி.சி. டெலிவிஷனுக்காகத் தாமே பேசிப் பதிவு செய்துவிட்டு ஊர் திரும்பினார்.

1964 டிசம்பர் 1-ந் தேதி புவனேசுவரத்தில் உயிர் பிரிந்தது. உடம்பு எரிக்கப்படவும் இல்லை, புதைக்கப்படவும் இல்லை. மாணவர்கள் அறுத்துப் படிப்பதற்கென்று அவர் முன்பே எழுதி வைத்திருந்தார். அதன்படி ஆந்திராவில் உள்ள காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அது அனுப்பிவைக்கப்பட்டது.